ரெண்டாவது தண்ணி

என் வீட்டுக்காரருக்குப் பழைய பேட்டரியை உடைச்சு ஈயம் உருக்குற கம்பெனியில வேலை. வந்து கழட்டிப் போடுற சட்டையை எங்க துணியோட சேர்க்கவே மாட்டேன். தனி வாளி, ரெண்டு அலசல். முதல் தண்ணி கறுப்பு, அது சாக்கடைக்கு. ரெண்டாவது தண்ணி பளிச்சுன்னு இருக்கும். கொளுத்துற வெயிலுல அதைக் கொட்ட மனசு வருமா? பின்பக்கச் சுவர் மேல ஒரு சட்டியில ஊத்தி வச்சேன், குருவிக்கு.

குளியலறை ஃபேன் ஓட்டையில கூடு கட்டின ஜோடி அது. ஆண் குருவிக்குப் பாகவதர்னு பேர் வச்சிருந்தேன். விடிஞ்சா வாயை மூடாது. சட்டியில முங்கும், சிலுப்பும், குடிக்கும், மறுபடி கச்சேரி. எனக்குப் பெருமை தாங்கலை.

அஞ்சு முட்டை. ரெண்டு ஓடு மெலிஞ்சு உடைஞ்சுது. ரெண்டு குஞ்சு செத்துது. பாகவதர் பாட்டும் நின்னுபோச்சு. மிஞ்சின ஒத்தைக் குஞ்சையாவது பறக்க வச்சுடணும்னு எனக்கு ஒரே வெறி. அதுவும் கூட்டை விட்டு இறங்கி ஒரு வாரமா சட்டியே கதின்னு கிடந்துது. நேத்து பார்த்தா றெக்கை தொங்குது. செருப்பு டப்பாவுல வச்சு, பஸ் ஏறி, கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ரத்தத்தைச் சோதிச்சுட்டு டாக்டரம்மா சொன்னாங்க, "ஈயம் ஏறியிருக்கும்மா. நரம்பு விட்டுப்போய்தான் றெக்கை தொங்குது. எதைக் குடிச்சுது?"

"சுத்தமான தண்ணிதாங்க."

சொல்லி முடிக்கலை, அந்த ரெண்டாவது தண்ணி ஞாபகத்துக்கு வந்துது. அடிப் பாவி, கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? என்னைச் செருப்பால அடிக்கணும்.

திரும்புற பஸ்ஸுல, என் மடியிலேயே அது அடங்கிப்போச்சு.

சாயங்காலம் அவர் வந்ததும் பிடிபிடின்னு பிடிச்சேன். "எல்லாம் உங்க சட்டையாலதான்!"

"நானாடி ஊத்தி வச்சேன்?" கேட்டுட்டு, நான் அழறதைப் பார்த்து அவரே டீ போட்டு எடுத்துட்டு வந்தார். டம்ளர் கை நழுவி விழுந்துது. இந்த வாரத்துல மூணாவது தடவை.

"என்னங்க, கையை நீட்டுங்க."

நீட்டினார். மணிக்கட்டு நிமிரலை. தொங்குச்சு.

"அலுப்புடி. தூங்கி எழுந்தா சரியாயிடும்."

"நாளைக்கு வேலைக்குப் போகாதீங்க."

"போகாம? வேற எவன் என்னைக் கூப்பிடுறான், சொல்லு."

கீழே கிடந்த டம்ளரை எடுத்துக் கழுவி வச்சேன்.

காலையில அவருக்குச் சட்டை பட்டன் போட வரலை. நான்தான் ஒவ்வொண்ணாப் போட்டுவிட்டு, அனுப்பி வச்சேன்.