ரஞ்சிதத்தின் மாத்திரையை ஊர் தின்ற கதை

1.

உலக மருத்துவ வரலாற்றில் இதுவரை எழுதப்படாத ஓர் அத்தியாயம் இங்கே தொடங்குகிறது. வாசகர்கள் எழுந்து நிற்கலாம். உடலும் ஆன்மாவும், சமயமும் சமுதாயமும் ஜவ்வாது மலையின் உச்சியில் கைகோத்து நின்ற அந்த மகத்தான தருணத்தை

(உட்காருங்கள். அந்த வாக்கியம் முடியப் போவதில்லை. இப்படி எழுதியே பழகிய கை இது. விட்டால் உங்களை முன்னேற்றாமல் ஓயாது.)

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1981-இல், மலையூர்களில் காசநோய்க்கு வைத்தியம் பார்த்துவந்த ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நான் துண்டுப் பிரசுரம் எழுதிக்கொடுத்தேன். அதில் ஒரு பிரசுரத்தால் ரஞ்சிதம் என்கிற பெண் சாகப் பார்த்தாள். சரக்கு இவ்வளவுதான். மற்றதெல்லாம் அலங்காரம்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "சாமை அறுத்த கொல்லைகளின்மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது." அடித்துவிட்டேன். பனி இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. நான் அடிவாரத்து அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்தேன்.

இரண்டாம் முயற்சி: "டாக்டர் ரங்கசாமி ஒரு முட்டாள்." இதையும் அடிக்க வேண்டியதாயிற்று. ஜீப் ஏறாத பாதையில், கொட்டும் மழையில், மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஐந்து மைல் நடந்த மனிதர் அவர். கேலிக் கதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரித் தகவல்கள் பெரிய இடைஞ்சல்.

அவருக்கு இருந்த ஒரே வியாதி, முழுமை. ஏதோ ஒரு கருத்தரங்கில் தொற்றியது. நோயைப் பார்க்காதே, மனிதனை முழுசாகப் பார், அவன் பண்பாட்டோடு பார், சாமியோடு பார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொன்னதில் தப்பில்லை. சொன்ன குரல்தான் கல்வெட்டுக்குப் போகிற குரல்.

நான் முதலில் எழுதிக்கொடுத்த பிரசுரத்தில் ஒரே வரிதான் இருந்தது: மூன்று வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். டாக்டர் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல பண்பாடு எங்கய்யா?"

பண்பாட்டைச் சேர்த்தேன். மாத்திரையும் மாரியம்மன் பிரசாதமும் வேறல்ல என்று இரண்டு பக்கம் எழுதினேன். டாக்டர் உருகிப்போனார். உருகியதோடு நிற்காமல் காரியத்திலும் இறங்கிவிட்டார். இனி ரஞ்சிதத்தின் மாத மாத்திரைப் பொட்டலம் அவள் ஊர் மாரியம்மன் கோயிலில் வைத்துப் பூசை செய்யப்பட்டு, பூசாரி தீர்த்தகிரியின் கையால் விபூதியோடு கொடுக்கப்படும் என்று ஏற்பாடு.*

* மாத்திரை வயிற்றைச் சுடுகிறது, வேண்டாம் என்று அதற்கு முன் அவள் மறுத்துக்கொண்டிருந்தாள். பூசைக்குப் பிறகு மறுக்கவில்லை. எங்கள் அறிக்கையில் இதை "மாபெரும் மனமாற்றம்" என்று குறிப்பிட்டவன் நான்தான்.

3.

ரஞ்சிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வயது. புளி மூட்டையைத் தலையில் ஏற்றினால் ஒடுகத்தூர் சந்தை வரைக்கும் இறக்காமல் போகிறவள் என்று பெயர் எடுத்தவள். அந்த வருஷம் குடத்தைத் தூக்கினாலே மூச்சு வாங்கியது. இருமலில் ரத்தம். எடை முப்பத்தெட்டு கிலோ. தினம் இரண்டு மாத்திரை வீதம் பதினெட்டு மாதம் விடாமல் சாப்பிட்டால் பிழைப்பாள். நடுவில் விட்டால் மாட்டாள். கதையில் சந்தேகமில்லாத விஷயம் இது ஒன்றுதான்.

(அவள் கண்களை வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. நீக்கிவிட்டேன். காசநோய்க்காரிகளின் கண்களை எழுத்தாளர்கள் போதுமான அளவு வர்ணித்தாயிற்று.)

மூன்றாம் மாதம் நர்ஸ் சுந்தரம்மாள் தராசோடு மலையேறிப் போனாள். ஒடுகத்தூர்க்காரி, அதிகம் பேசாதவள். முள் முப்பத்தாறில் நின்றது. பொட்டலத்தை எடுத்து வா என்றாள். வெறும் காகிதம் வந்தது.

"எங்கம்மா மாத்திர?"

"ஆயிடுச்சிங்க."

"போன வாரம்தான் கோயிலுக்கு அறுவது குடுத்தனுப்புனேன். இன்னா பண்ண?"

"பிரசாதம் ஆச்சிங்களே. தனியா துன்னா சாமிக்கு ஆவுமா? ஊருக்கே பங்கு வச்சிட்டோம்."

"உனக்கு?"

"எனக்கும் ஒண்ணு வந்துச்சி," என்றாள் ரஞ்சிதம், குறையேதும் இல்லாத குரலில்.

மூன்று மாதமாக நடந்தது இதுதான். பொங்கல் எப்படிப் பங்காகுமோ அப்படியே மாத்திரையும் பங்காகியிருக்கிறது. தலைக்கு ஒன்று. குழந்தைகளுக்குப் பாதி. ஊருக்குப் போயிருந்தவர்கள் பங்கைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் எருதுக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. அது தின்றுவிட்டு உழப் போயிருக்கிறது. பிரசாதத்தை ஒருத்தி மட்டும் முப்பது நாள் தின்பது என்பது அந்த ஊரில் யாருக்கும் தோன்றக்கூட முடியாத அசிங்கம்.

தோன்றியிருக்க வேண்டியது எனக்கு. பொங்கலை நானும் பங்கு வைத்துத்தான் தின்று வளர்ந்தேன்.

4.

கோயில் முன்னால் ஊர் கூடியது. இந்த முறை நானும் ஜீப்பில் போனேன். (ஆகவே பனி இருந்தது என்று இப்போது உறுதியாக எழுதலாம். இருந்தது.)

டாக்டர் கிருமிகளைப் பற்றிப் பேசினார். கால் மணி நேரம். ஊர் மரியாதையோடு கேட்டுக்கொண்டது. கடைசியில், இது பிரசாதமில்லை, வெறும் மாத்திரை என்று பூசாரியையே சொல்லச் சொன்னார். தீர்த்தகிரி தலையைச் சொறிந்தார்.

"நீங்கதான சாமிகிட்ட வைக்கச் சொன்னீங்க. சாமி குடுத்தத, குடுக்கலன்னு நான் எப்டிங்க சொல்றது?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என் பேனாவைப் பார்த்தேன். பிரசாதம் என்றால் தனியாகத் தின்னக் கூடாது. பங்கு வைத்தால் அவள் செத்துப்போவாள். நாங்கள் கட்டிய முடிச்சு. அவிழ்க்க எங்களிடம் விரல் இல்லை.

அப்போது நான் எழுந்து

(இல்லை. முதல் பிரதியில் நான் எழுந்தேன். இரண்டாம் பிரதியில் சுந்தரம்மாள் எழுந்தாள். அதை அவளே படித்துவிட்டு, "சும்மா இருங்க சார்" என்றாள். நடந்தது இது.)

ரஞ்சிதம் எழுந்தாள். இருமி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பூசாரியாரே, நான் நெருப்பு மெறிக்கறேன்னு வேண்டிக்கினா எனக்குப் பதுலா ஊரே மெறிக்குமா?"

"அது எப்டி? உன் வேண்டுதலுக்கு உன் காலுதான்."

"அதுல யாரனா பங்கு கேப்பாங்களா?"

"கேட்டா அவங்களுக்குத்தான் ஆவாது."

"அப்ப இது பிரசாதம் இல்ல, என் வேண்டுதல். தெனம் ரெண்டு மாத்திர, பதினெட்டு மாசம், நானே துன்றேன். காப்பு கட்டுங்க."

தீர்த்தகிரி அம்மனைக் கும்பிட்டார். பிறகு மஞ்சள் கிழங்கை நூலில் முடிந்து அவள் மணிக்கட்டில் கட்டினார். காப்பு கட்டினால் அவிழ்க்கிற நாள் வரைக்கும் வேண்டுதல் தவறக் கூடாது. தவறினால் குற்றம் அவளோடு போகாது, ஊருக்கே வரும்.

அந்த நிமிஷம் ஊர் மொத்தமும் நர்ஸ் ஆயிற்று. துணியில் முடிந்து வைத்திருந்த மாத்திரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வெட்கத்தோடு அரை மாத்திரைகூட ஒன்று வந்தது. மறுநாளிலிருந்து ரஞ்சிதம் எந்த வழியில் போனாலும் ஒரே விசாரிப்புதான். சாப்பிட்டியா என்று யாரும் கேட்கவில்லை. துன்னியா என்று கேட்டார்கள், எதை என்று சொல்லாமல். சந்தையில் நின்றால்கூட எவளாவது சொம்புத் தண்ணீரை நீட்டினாள். வயிறு சுடுகிறது என்று ஒருநாள் அவள் வாய் திறந்ததற்கு, தினம் ஒரு வீட்டிலிருந்து சாமைக் கஞ்சி முன்னதாகவே வந்து நின்றது. எந்த அரசாங்கமும் இப்படி ஒரு மேற்பார்வை நடத்தியதில்லை.

பதினெட்டு மாதம். ஒரு வேளை தவறவில்லை. சளியில் கிருமி இல்லை. எடை நாற்பத்தேழு. பம்பை அடித்து, பொங்கல் வைத்து, காப்பு அவிழ்த்தார்கள். பொங்கலை ஊரே பங்கு வைத்துக்கொண்டது, எருதுக்கும் கிடைத்தது. அடுத்த சந்தைக்கு ரஞ்சிதம் புளி மூட்டையோடு ஒடுகத்தூர் வரைக்கும் இறக்காமல் போனாள். பின்னால் வெறும் கையோடு போன டாக்டருக்குத்தான் மூச்சு வாங்கியது.

5.

முடிவுகள்.

(அ) டாக்டர் ரங்கசாமி பட்டணத்துக் கருத்தரங்கில் "மலைவாழ் மக்களின் ஆன்மிக மரபும் முழுமை நலவாழ்வும்" என்று கட்டுரை வாசிக்கிறார். திரையில் காப்புக் கட்டிய மணிக்கட்டு. பலத்த கைதட்டல். மணிக்கட்டுக்குப் பெயர் குறிப்பிடப்படவில்லை.

(ஆ) மாரியம்மன்தான் மருந்தில் இறங்கினாள் என்று தீர்த்தகிரி சொல்கிறார். அக்கம்பக்கத்து மலையூர்களிலும் காப்பு கட்டக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு காப்புக்கும் எங்களிடம் ஒரு மாத்திரைப் பொட்டலம் கேட்டு வாங்குகிறார். விடாமல் சாப்பிட்டவர்கள் எல்லோரும் தேறுகிறார்கள். கேலி செய்ய எனக்கு இதில் ஒன்றும் அகப்படவில்லை.

(இ) பண்பாடும் சமயமும் வைத்தியமும் ஒன்றையொன்று தழுவி நின்ற அந்த

(ஈ) இந்த இடம் உங்களுக்கு. பிழைத்தது சாமியாலா, மாத்திரையாலா, ஊராலா, ரஞ்சிதத்தின் வாயாலா என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் பண்பாடு கூடிவிடும்.

மூன்று வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும்.