ஏழாம் பக்கத்து முத்திரை

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஐந்து வரிக் கடிதமாகத்தான் பிறந்தது. எதிர்வீட்டு மருமகள் புதன்கிழமை சாயங்காலம் வந்து, படியேறாமல் வாசலிலேயே நின்று, "அண்ணே, ஒரு லெட்டர் எழுதித் தரணும். என் மாமனார் எழுதற மாதிரி" என்றாள்.

ஐந்து வரிக்கு மேல் போகக்கூடாது என்று பாஸ்போர்ட் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்களாம். எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில் மாமனார் வந்தார். அவர் யார் என்று சொல்ல ஒரு பத்தி ஆனது. அப்புறம் அவர் வைத்திருந்த முத்திரை, அது எதில் செய்தது, யார் பார்க்க அடித்தார் என்று நீண்டுகொண்டே போனது. கடிதம் ஐந்து வரியில் முடிந்துவிட்டது. மிச்சம்தான் இது.

என்னிடம் ஏன் வந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஒரு வாரப் பத்திரிகையில், வீட்டை விட்டு நகராமலே உலகம் சுற்றும் மனிதர் என்று அவளுடைய மாமனாரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். படத்தோடு வந்தது. அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

"அதை எழுதின கைதானே, இதையும் எழுதட்டும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

2

தொடக்கம் அ: அட்லஸ் மாமா உலகத்தை நேசித்தார்.

(வேண்டாம். உலகம் அந்த மாமனாரை ஒருநாளும் வேலை வாங்கியதில்லை. நேசிக்காமல் என்ன செய்வார்?)

தொடக்கம் ஆ: ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டில் பனி பெய்தது.

(இது கட்டுரையின் தொடக்கம். பலர் பாராட்டினார்கள். பொய்யில்லை, பாதிதான்.)

தொடக்கம் இ: ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டில் பனி பெய்தது. மருமகள் அதைச் செவ்வாய்க்கிழமை வரை அள்ளினாள்.

இது போதும். பனி என்பது இரண்டு தலையணைகளைக் கிழித்து எடுத்த பஞ்சு. மேலே மின்விசிறி, கீழே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விருந்தாளிகள் நாங்கள். பஞ்சு ஜன்னல் கம்பியில், துவைத்துக் காயப்போட்ட துணியில், குடிக்கிற தண்ணீரில் எல்லாம் இறங்கியது. "பாருங்க, பாருங்க, எப்படி அமைதியா விழுது" என்றார் மாமா. நானும் பார்த்தேன். அமைதியாகத்தான் விழுந்தது.

3

அட்லஸ் மாமா என்பது தெருவில் வைத்த பெயர். முப்பத்து நான்கு வருஷம் பார்சல் அலுவலகத்தில் வெளிநாட்டுப் பொதிகளைப் பிரித்து அடுக்கும் பிரிவில் இருந்தவர். எந்த ஊருக்கு எந்த நாடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பக்கத்து ஊருக்கு மாற்றல் வந்தபோது, தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று மூன்று மனு போட்டு அதை ரத்து செய்ய வைத்தவர். அவருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. கேட்டால், "எனக்கு எதுக்கு? நான் கொடுக்கிற இடத்துல இருக்கேன்" என்பார்.

கொடுக்கவும் செய்தார். வீட்டில் எல்லோருக்கும், வழக்கமாக வரும் விருந்தாளிகளுக்கும், அட்டையில் ஒரு பாஸ்போர்ட் தைத்துக் கொடுத்திருந்தார். ஞாயிறுதோறும் ஒரு நாடு.* கூடத்துக்குள் நுழையும் கதவருகே மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் முகத்தையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, முத்திரை குத்தி உள்ளே விடுவார். தேய்ந்த ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தைப் பிளேடால் செதுக்கி அவரே செய்த முத்திரைகள். மை மட்டும் அலுவலகத்தில் மிஞ்சிய ஊதா மை. மழையில் நனைந்து கடல் கடக்கும் பொதிக்கென்றே காய்ச்சிய மை, சாகும்வரை அழியாது.

* நாடுகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தந்த நாட்டுக்காரர்கள், எங்கள் ஊரில் யாரும் இப்படி உட்கார்வதில்லை, இப்படிச் சாப்பிடுவதில்லை என்று சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

மருமகள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் ஆறு நாள். ரத்தம் பட்ட விரிப்புக்கு முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகுதான் சலவை இயந்திரத்து டிரம். ஈர விரிப்பை, இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் இரண்டு பேராக நேராகக் கொடுக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் முழங்கைவரை சூட்டுக் கோடு விழும். அவள் இரண்டு கையிலும் அந்தக் கோடுகள் இருக்கின்றன. சனிக்கிழமை மதியம் அவள் வீடு திரும்பும்போது மாமா மறுநாளைய நாட்டின் பட்டியலோடு உட்கார்ந்திருப்பார். நாற்காலி இல்லாத நாடு என்றால் பத்து நாற்காலியையும் மாடிக்கு ஏற்றுவது அவளும் அவள் கணவனும். சின்னச் சின்னக் கிண்ணத்தில் சாப்பிடும் நாடு என்றால் ஆளுக்கு ஒன்பது கிண்ணம்.

(இங்கே நிறுத்தி ஒரு பொதுக்கருத்து. வீட்டை விட்டு நகராமல் உலகத்தை அனுபவிக்க ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு: அந்த வீட்டில் உங்களுக்கு எந்த வேலையும் இருக்கக் கூடாது. என் கட்டுரையில் இந்த வரி இல்லை. அன்றைக்கு நான் ஒன்பது கிண்ணத்தையும் காலி செய்துகொண்டிருந்தேன்.)

4

அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரி, பெரிய சலவைக்கூடம், மேற்பார்வையாளர் பதவி, இரண்டு வருஷம். எட்டுப் பேர் குழு மாதக் கடைசியில் கிளம்புகிறது. பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்து கொடுத்தால் போதும் என்றார் ஏஜெண்ட். கணவன் லேத் பட்டறைக்காரன், அதிகம் பேசமாட்டான். "போயிட்டு வா. அப்பாவ நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னான்.

மாமா நிறையப் பேசினார்.

"உலகமே வீட்டுக்கு வருது. நீ ஏம்மா அதைத் தேடிப் போற?"

"வர்ற உலகத்துக்கெல்லாம் நான்தானே மாமா பாத்திரம் கழுவறேன். அங்க போனா சம்பளமாவது தருவாங்க."

"உனக்கு எல்லாம் விளையாட்டு."

"எனக்கு இல்ல மாமா."

பாஸ்போர்ட் ஒரு வியாழக்கிழமை தபாலில் வந்தது. அவள் வேலையில் இருந்தாள். மாமா கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார். வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள், "தபால் ஏதாவது வந்துச்சா மாமா?" என்று கேட்டாள். "வரும், வரும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாலைவன நாடு. கூடம் முழுக்க மணல். அந்த மணல் எங்கிருந்து, யார் தலையில் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளிகள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். அவள் இரண்டு கையிலும் கொதிக்கும் அண்டாவோடு கதவருகே வந்தாள். "நில்லும்மா, சோதனை" என்றார் மாமா. சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு பாஸ்போர்ட்டை எடுத்தார். அது அட்டையில் தைத்தது இல்லை. ஏழாம் பக்கத்தைப் பிரித்தார். செருப்பு ரப்பரில் ஒரு பேரீச்ச மரம் செதுக்கியிருந்தார், பார்த்தால் விளக்குமாறு மாதிரி இருக்கும். அதை மையில் தோய்த்து ஓங்கிக் குத்தினார்.

நாங்கள் கைதட்டினோம். (நாங்கள் என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துத் திருத்தாமல் விடுகிறேன்.)

அவள் அண்டாவைக் கீழே வைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். "மாமா, இது நிஜம்" என்றாள்.

"தெரியும்மா. உன் பாஸ்போர்ட்ல முதல் முத்திரை என்னோடதா இருக்கட்டும்னு ஆசைப்பட்டேன்."

எந்தக் கறையையும் எடுக்கத் தெரிந்தவள் அவள். அந்தப் பக்கத்தை மட்டும் விரலால்கூடத் தொடவில்லை. துணியில் எடுத்துவிடலாம், காகிதத்தில் எடுக்கப் போனால் காகிதமும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

5

இந்த இடத்தில் எனக்கு மாமாமேல் சந்தேகம்.

ஒன்று, அவர் வெகுளி. ஆசையில் செய்தார். வியாழன் முதல் ஞாயிறுவரை ஒளித்து வைத்தது, பரிசுப் பொருளை ஒளித்து வைப்பதுபோல.

இரண்டு, அவர் விவரமானவர். முப்பத்து நான்கு வருஷம் முத்திரையோடு புழங்கியவருக்குத் தவறான முத்திரை விழுந்த பொதி எங்கும் போகாது, திரும்பி வந்துவிடும் என்று தெரியாதா?

மூன்று, இரண்டுமே. ஆசையாகவும் செய்தார், போகக்கூடாது என்றும் செய்தார். இரண்டில் எது முந்தியது என்று அவருக்கே –

(இந்த வாக்கியத்தை முடித்தால் அவருக்கு வக்காலத்து வாங்குவதாகிவிடும். அவர் மனத்துக்குள் போய்ப் பார்க்க எனக்கு வழியிருக்கிறது, எழுதுகிறவன் என்ற சலுகை. போன வருஷம் போய்ப் பார்த்துத்தான் இரண்டு பக்கம் புகழ்ந்தேன். இந்த முறை வெளியிலேயே நிற்கிறேன்.)

பாஸ்போர்ட் அலுவலகத்தில் சொன்னது இவ்வளவுதான்: இது செல்லாது. முத்திரை குத்தியவர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டால் ஒரு வாரத்தில் புதியது தருவோம். இல்லையென்றால் விசாரணை, ஆறேழு மாதம் ஆகும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கடிதம் வர வேண்டும்.

6

வியாழக்கிழமை மதியம். அவர்கள் வீட்டுக் கூடம். மணல் இன்னும் மூலைகளில் கிடந்தது. சட்டம் போட்ட என் கட்டுரைக்குக் கீழே உட்கார்ந்து கடிதத்தைப் படித்துக் காட்டினேன்: என் மருமகளின் பாஸ்போர்ட்டில் ஏழாம் பக்கத்தில், செருப்பு ரப்பரில் நான் செய்த போலி முத்திரையை, அவர் சம்மதமில்லாமல், எந்த அதிகாரமும் இல்லாமல் குத்தினேன்.

"போலின்னு போடாதீங்க தம்பி. போலின்னா ஏமாத்தறது. நான் யாரை ஏமாத்தினேன்?"

"வேற என்ன போடறது?"

"கௌரவ முத்திரைன்னு போடுங்க."

மருமகள் சுவரில் சாய்ந்து நின்றாள். "அங்க இருக்கிற ஆளு கௌரவம்லாம் கேக்கல மாமா. போலியா இல்லையான்னுதான் கேட்டாரு."

"செருப்பு எதுக்கு? ரப்பர்னு சொன்னா பத்தாதா?"

"எடுத்துடறேன்" என்று அந்தச் சொல்லை அடித்தேன்.

"சம்மதமில்லாமல்னு எப்படி எழுதலாம்? எதிர்லதானே நின்னா. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாளா?"

"ரெண்டு கையிலயும் அண்டா இருந்துச்சு மாமா. கை காலியா இருந்தா புடுங்கியிருப்பேன். அதையும் எழுதிக்குங்க அண்ணே."

மாமா கடிதத்தை வாங்கி மூன்று முறை படித்தார். பேனாவைத் தொடவில்லை. "இதுல கையெழுத்துப் போட்டா, இத்தனை வருஷம் இந்த வீட்டுல நடந்ததெல்லாம் என்னன்னு ஆகும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவளைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். அவளிடம் பதில் இருந்தது.

கணவன் முதல்முறையாக வாயைத் திறந்தான். "போலின்னுதான் ஆகும். போடுப்பா."

மாமா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வாசல்வரை வழியனுப்ப வந்தவள் சொன்னாள்: "அவர் கையெழுத்து எனக்குப் போட வரும் அண்ணே. கை நடுங்குதுன்னு மூணு வருஷமா அவரோட பென்ஷன் பாரத்துல நான்தான் போடறேன். பென்ஷன் ஆபீஸ்லயே அதைத்தான் அவர் கையெழுத்துன்னு நம்பறாங்க."

நான் செருப்பில் காலை நுழைத்தேன்.

"காலைல கொண்டாறேன். யாரு போட்டதுன்னு கேக்கக் கூடாது."

7

முடிவு அ: இரவோடு இரவாக மாமா மனம் மாறி –

(இல்லை. மனம் மாறுகிற மாமனார்களை எழுதி எழுதியே நாம் மருமகள்களைக் காத்திருக்க வைத்திருக்கிறோம்.)

முடிவு ஆ: அவள் போலிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு போலி முத்திரையை ஒப்புக்கொள்ள ஒரு போலிக் கையெழுத்து –

(படிக்க அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. மாட்டினால் போவது என் அழகு இல்லை, அவள் வேலை.)

நடந்தது இது: இன்று வெள்ளிக்கிழமை. காலை பத்தரைக்குக் கடிதத்தோடு வந்தாள். செருப்பு என்ற சொல்லைத் திரும்பச் சேர்த்து, சுத்தமாகப் பிரதி எடுத்திருந்தாள். கீழே கையெழுத்து இருக்கிறது. கடைசி எழுத்து நடுங்கியிருக்கிறது. மாமாவின் கை நடுங்கும். மூன்று வருஷமாக அவரைப்போலவே நடுங்கப் பழகிய கையும் அந்த வீட்டில் உண்டு. நான் கேட்கவில்லை.

அதற்குக் கீழே, "எங்கள் முன்னிலையில் கையெழுத்திட்டார்" என்று எழுதி, சாட்சிகளுக்கு இரண்டு கோடு. குடும்பத்தார் போடக் கூடாதாம். முதல் கோட்டில் நான் போட்டுவிட்டேன். என் முன்னிலையில் யாரும் போடவில்லை. போன வருஷக் கட்டுரையில் இதைவிடப் பெரிய பொய்களுக்குக் கீழே என் பெயர் இருந்தது.

இரண்டாவது கோடு காலி. தெருவில் கேட்டுப் பார்த்தாள். பாலைவனத்தில் உட்கார்ந்து கைதட்டிய ஏழு பேரில் ஆறு பேருக்கு இன்றைக்கென்று வேறு வேலை இருக்கிறது.

நீங்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் அந்த வீட்டுக்குள் போய்விட்டு வந்தீர்கள். மணலைப் பார்த்தீர்கள், அண்டாவைப் பார்த்தீர்கள், மாமா பேனாவைத் தொடாததையும் பார்த்தீர்கள். யார் போட்டிருப்பார்கள் என்று உங்களுக்கு ஓர் அபிப்பிராயமும் இருக்கும். அதை அவள் கேட்கவில்லை.

மணி பதினொன்று பத்து. அலுவலகத்துக்குப் போக அரை மணி நேரம் வேண்டும். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்று வாசலிலேயே நிற்கிறாள். பேனா இதோ, மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

சாட்சி 2: