முற்றத்தில் எட்டு, மேலே முப்பத்தொன்பது

அண்ணன் விரலை நக்கி மேலே தூக்கிப் பிடித்தான். காலையிலிருந்து இது நான்காவது தடவை.

“ஒரு காத்தும் இல்ல. ட்ரோனை எடு.”

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் நின்றிருந்தது காகிதக் கிடங்கின் பின்பக்க முற்றம். மூன்று பக்கமும் ஆளை மறைக்கும் சுவர், அதில் ஒன்று கிடங்கின் சுவரே. இங்கே தீக்குச்சி கிழித்தால்கூட அணையாது. அதை வைத்துக் கூரைக்கு மேலும் காற்று இல்லை என்று எவனாவது சொல்வானா? இருபத்தாறு வருடம் கூரை வேலை பார்த்த மனிதன் சொல்கிறான். அதுதான் கொடுமை.

அவள் கையிலிருந்த காற்றுமானி மணிக்கு எட்டு கிலோமீட்டர் என்றது. அண்ணன் எட்டிப் பார்த்தான்.

“பாத்தியா? உன் மெஷினே சொல்லுது.”

மூன்று நாளாக அதை விளையாட்டுச் சாமான் என்று கேலி பேசியவன், தனக்குச் சாதகமாக ஒரு எண் வந்ததும் சொந்தம் கொண்டாடினான்.

“இது சுவருக்குள்ள அடிக்கிற காத்துண்ணா. கூரை மேல அந்த உருண்டை விசிறியைப் பாரு, என்னா சுத்து சுத்துது.”

“அது வேலை வெட்டி இல்லாம எப்பவும் சுத்தும்.”

கிடங்கின் கூரையில் எங்கோ ஓட்டை. உள்ளே காகிதக் கட்டுகள் நனைகின்றன. நாளைக்கு மறுபடி மழையாம். அதற்குள் ஓட்டை எங்கே என்று படம் எடுத்துக் காட்டியாக வேண்டும். ட்ரோன் பறக்கவில்லையென்றால் அண்ணன் ஏணி வைத்துவிடுவான். தங்கை பயந்தது அதற்குத்தான். போன வருடம் இப்படி ஒரு கூரையிலிருந்து விழுந்து, இடுப்பில் தகடு வைத்து, நான்கு மாதம் படுக்கையில் கிடந்தவன் அவன். அவன் இனி மேலே ஏறவே கூடாது என்றுதான் அவள் ட்ரோனே வாங்கினாள். இன்று காலையில்கூட அண்ணி போனில், “அவரை ஏணிப் பக்கம் விட்டுடாதம்மா” என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

சொன்னால் கேட்டால்தானே. “நான் விழுந்த அன்னைக்குக் காத்தே இல்ல. அப்புறம் காத்துக்கு எதுக்கு இவ்வளவு பயப்படுற?” என்பான்.

கிடங்கு மேனேஜர் வெளியே வந்தார்.

“என்னங்க, ஆகுமா ஆகாதா? இல்லன்னா சார் ஒரு எட்டு ஏறிப் பாத்துடட்டுமே. பழக்கப்பட்டவர்தானே?”

“அதுக்கென்ன, ஏறிட்டாப் போச்சு” என்றான் அண்ணன். சொன்னதோடு நிற்காமல் வேனுக்குப் போய் ஏணியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். அவனே கட்டிய முடிச்சுதான், ஆனாலும் அவிழ்த்துக்கொண்டே இருந்தான்.

“பத்து நிமிஷம் குடுண்ணா. மேல போய் அளந்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் எதையும் தொடாத.”

கிடங்கின் வெளிப்பக்க இரும்புப் படிக்கட்டு கூரை விளிம்பு வரை போனது. கடைசிப் படியில் தலை நீட்டியதுமே அவள் தொப்பி பறந்தது. காற்றுமானியைப் பிடித்தாள். இருபத்தெட்டு. முப்பத்தொன்று. திடீரென்று ஒரு வீச்சு, முப்பத்தொன்பது. இருபத்தைந்தைத் தாண்டினால் அவள் ட்ரோனைப் பெட்டியை விட்டே எடுக்க மாட்டாள். போவது சுலபம், காற்றே கொண்டுபோய்விடும். எதிர்க்காற்றில் திரும்பி வருவதற்குத்தான் பேட்டரி போதாது.

இதைக் கீழே போய் எந்த வார்த்தையில் சொன்னால் அண்ணன் மண்டையில் ஏறும் என்று யோசித்தபடி திரும்பினாள். அப்போது ட்ரோன் அவளைத் தாண்டி மேலே போனது.

கூரை உயரத்தைத் தாண்டியதும் ட்ரோன் ஒருக்களித்துச் சாய்ந்தது. அப்படியே வண்டிகள் நிறுத்தும் இடத்தின் பக்கமாக நழுவிப் போனது. கீழே அண்ணன் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றான்.

“எறக்குண்ணா, கீழ எறக்கு” என்று கத்திக்கொண்டே இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடிவந்து ரிமோட்டைப் பிடுங்கினாள். ட்ரோன் முழு வேகத்தில் முன்னால் வரப் பார்த்தது, ஆனால் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவள் காற்றோடு மல்லுக்கட்டவில்லை. முதலில் உயரத்தைக் குறைத்தாள். கிடங்கின் மறைப்புக்குள் வந்த பிறகு தரையை ஒட்டியே மெல்ல மெல்ல இழுத்து வந்து இறக்கினாள். சரளைக் கல்லில் இடித்து ஓர் இறக்கை உடைந்தது.

“உனக்கு என்னதாண்ணா வேணும்?” என்றாள். “இதையும் தொலைச்சுட்டு ஏணியில ஏறணும், அதானே? ஏறியே தீருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறியா?”

அண்ணன் வேன் படியில் உட்கார்ந்தான்.

“ஏற முடியல” என்றான்.

“என்ன?”

“போன மாசம் பல்பு மாத்த ஸ்டூல் மேல ஏறினேன். கால் கிடுகிடுன்னு ஆடிடுச்சு. உங்க அண்ணி பாக்கறதுக்குள்ள எறங்கிட்டேன். அந்த பல்பு இன்னும் எரியல.”

“அப்புறம் எதுக்கு எல்லார்கிட்டயும் ஏறறேன் ஏறறேன்னு சொல்ற?”

“இருபத்தாறு வருஷமா ஏறினவனைப் பாத்து ஏறுங்கன்னா வேற என்னத்தச் சொல்றது? நீ காத்து அதிகம்னு சொல்ற ஒவ்வொரு தடவையும், நான் ஏறணும்னுதான் எனக்குக் கேக்குது.”

மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகைதான் வந்தது. “இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல” என்றாள்.

மேனேஜர் மறுபடி வந்துவிட்டார். “என்ன முடிவு?”

அண்ணன் எழுந்தான். அவன் கை தானாக ஏணிப் பக்கம் போனது. அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“மேல காத்து முப்பத்தொன்பது அடிக்குது சார். ட்ரோனும் போகாது, ஆளும் போகக் கூடாது. சாயந்தரம் தணிஞ்சா நான் பறக்க விடறேன். அதுவரைக்கும் கட்டுகளைக் கொஞ்சம் நகத்தி வச்சுக்குங்க.”

“அவரு ஏறறேன்னாரே?”

“எங்க ரெண்டு பேர்ல காத்துக்கு நான்தான் பொறுப்பு. நான் வேணாம்னா வேணாம்தான்.”

மேனேஜர் அண்ணனைப் பார்த்தார். “அவ சொன்னா அப்பீல் கிடையாது சார்” என்றான் அண்ணன். ஏதோ முணுமுணுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார்.

அவள் உடைந்த இறக்கையைக் கழற்றிப் புதியதை மாட்டத் தொடங்கினாள். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான்.

“ஒரு நாள் காத்தே இல்லாம இருந்து, ட்ரோனும் ரிப்பேர் ஆயிடுச்சுன்னா?”

“அன்னைக்கும் மேல முப்பத்தொன்பதுதான்” என்றாள்.