நீலத்தூளும் தர்பூசணி வண்டியும்

ஆய்வாளர் ஜாய்ஸ் தயாரித்த நீலத்தூளின் ஒரு துகள், தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் அணுக்கழிவு கலந்த நீரில் போட்டால், அதிலுள்ள சீசியம் என்ற கதிர்வீச்சு நஞ்சைப் பற்றிக்கொள்ளும். துகளுக்குள் இரும்பு இருப்பதால், பாட்டிலுக்கு வெளியே காந்தம் வைத்தால் போதும். தூள் சீசியத்தோடு ஒதுங்கிவிடும்.

இதைப் பார்க்க நாவலூர் ஆய்வகத்துக்குப் பேராசிரியர் பக்தவத்சலம் வந்திருந்தார். அவர் ஒப்புக்கொண்டால்தான் ஆய்வு தொடரும். சோதனைக்குக் கதிர்வீச்சு இல்லாத சாதாரண சீசிய உப்புதான். ஜாய்ஸ் ஜெபித்துவிட்டு, தூளைக் கலக்கிவிட்டு, காந்தத்தை எடுத்தாள். அது கைநழுவித் தரையில் விழுந்து, எதற்கும் உதவாத துணுக்குகளாக நொறுங்கியது.

"வேற காந்தம் இல்லியாம்மா?" என்றார் பேராசிரியர்.

இல்லை. அப்போது தெருவிலிருந்து, "தர்பூஸ், தர்பூஸ்" என்று ஸ்பீக்கர் அலறியது. நேற்று இதே வண்டிக்காரரிடம், "கொஞ்சம் சத்தத்தக் கொறைங்க, காது கிழியுது" என்று சிடுசிடுத்திருந்தாள். இப்போது அவரிடமே ஓடினாள்.

"அண்ணாத்த, உங்க ஸ்பீக்கர் வேணும்."

படாளத்துப் பழம் விற்கும் கண்ணாயிரம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து கொறைன்னே. இன்னிக்கு தூக்கிகினே போறியா?"

"அதுக்குப் பின்னாடி கீற காந்தம் வேணும். தண்ணியிலர்ந்து நஞ்ச எடுக்கணும்."

"என் பழத்துல அதெல்லாம் கிடையாதும்மா" என்றவர், அவள் கண் கலங்கியிருப்பதைக் கண்டு பேச்சை நிறுத்தினார். ஒயரைப் பிடுங்கி, ஸ்பீக்கரைத் தோளில் போட்டு அவரே மாடியேறினார்.

ஸ்பீக்கரின் முதுகைப் பாட்டிலோடு அணைத்துப் பிடித்தார். நீலம் மெல்ல நகர்ந்து கண்ணாடியில் ஒட்டியது. தண்ணீர் தெளிந்தது.

"தெருவே அலற கத்துற பொட்டி, இங்க வாயே தொறக்காம வேல பாக்குது பாரு" என்றார் கண்ணாயிரம்.

பேராசிரியர் சிரித்துவிட்டார். தெளிந்த நீரைக் கருவியில் வைத்துப் பார்த்தவர், "சீசியம் இருக்கிற மாதிரியே தெரியல. தொடருங்கம்மா" என்றார்.

நாம் முகம் சுளித்தவர்கள் கையிலேயே நமக்கான உதவியைக் கொடுத்து வைப்பது ஆண்டவருக்குப் பிடித்தமான வேலை போலும்.

கீழே வந்து பார்த்தால், அவசரத்தில் பிடுங்கிய ஒயர் அறுந்திருந்தது. ஸ்பீக்கர் பேசவில்லை.

"பரவால்ல, தொண்ட கீது" என்றார் அவர்.

"உங்க தொண்ட எதுக்கு?" ஜாய்ஸ் வண்டியில் ஏறி நின்றாள். "தர்பூஸ்! படாளம் தர்பூஸ்!"

கம்பெனிகளிலிருந்து நாஸ்தாவுக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டம் சேர்ந்தது. பேராசிரியரும் ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்தார்.

பழத்தை அறுத்துக்கொண்டே கண்ணாயிரம் ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

"கொஞ்சம் சத்தத்தக் கொற மேடம், காது கிழியுது."