அப்பாவுக்கு நான் கொடுத்த இருமல்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கௌரவமான வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, அக்கரையில் மாக் மண்டினில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போக ஃபெரி ஏறினேன். மேல்தட்டில் அப்பா. அவர் மடியில் ஒரு பெண்ணின் கைப்பை. பக்கத்தில் அந்தப் பெண், காற்றில் அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டிருந்தார். அம்மா இருந்தவரை அவள் காய்கறி வாங்கிவரும் பாசார் பையை ஒரு நாளும் தூக்காத அப்பா, அந்தக் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "அர்ஜுனனுக்கு வயது ஐம்பத்தொன்பது. ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு..."

வேண்டாம்.

இரண்டாம் தொடக்கம்: "தள்ளாத வயதில், இருமிக்கொண்டே ஃபெரி ஏறிய அர்ஜுனன்..."

அப்பா இருமுவதில்லை. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் வரை சைக்கிள் மிதிப்பார். இருமலை நான்தான் கொடுத்தேன். ஞாயிறு பத்திரிகைக் கதைகளில் கற்றுக்கொண்டது அது. அவற்றில் வயதானவர்கள் இருமுவார்கள், கோயிலுக்குப் போவார்கள், பிள்ளைகளை நினைத்து அழுவார்கள். கிழவர் ஒருவர் ஆசைப்பட்டால் கோமாளியாவார், இல்லையென்றால் கடைசிப் பாராவில் திருந்துவார். ஐம்பத்தாறு வயதுப் பெண் ஆசைப்பட்டதாக நான் ஒரு கதையும் படித்ததில்லை. அநியாயம்தான். ஆனால் இப்போது எனக்கு அது வசதியாக இருக்கிறது.

3

ஃபெரியில் பார்த்த பெண்ணின் பெயர் நவமணி, வயது ஐம்பத்தாறு. கணவர் இறந்துவிட்டார். அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமைக்கிறார். ஞாயிறுதோறும் இருவரும் ஃபெரியில் சந்திக்கிறார்கள். இதெல்லாம் பிறகு அப்பாவே சொன்னது.

பல் எடுப்பு என்று எழுதினேன். (எடுப்பு இல்லை.) சிரிப்புச் சத்தம் அதிகம் என்று எழுதினேன். (உண்மை. அந்தச் சிரிப்புக்கு அப்பா திரும்பிப் பார்த்ததுபோல் என்னை யாரும் பார்த்ததில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது.)*

* அம்மா போனதும் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. யாராவது சோறு வடிக்க வேண்டுமே. அன்றிலிருந்து இந்த அடுப்பு என்னுடையது.

4

அப்பாவும் அவரும் கல்யாணம் செய்துகொள்ள என் சம்மதம் கேட்டு, இன்று நவமணி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"நீ வேணாம்னா வேணாம்மா," என்றார் அப்பா. "அப்பா கோவிச்சுக்க மாட்டேன்."



"ஃபெரியில வாய் ஓயாது இவருக்கு. இங்க பாரு, குரலே எழும்பல," என்று சிரித்தார் நவமணி. பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, என் மூஞ்சிக்காகச் சரின்னு சொல்லாத லா. வேணாம்னாலும் தாங்கிக்குவேன். ஆனா ஒண்ணு, நான் வந்தா நீ என்ன செய்யப் போற? திரும்பப் படிப்பியா? வேலைக்குப் போவியா? அதையும் யோசிச்சுச் சொல்லு."

இத்தனை வருடத்தில் அப்பா என்னிடம் கேட்காத கேள்வி. அதற்கும் பொறாமைதான் வந்தது. எவ்வளவு நல்ல வசனம், எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்!

"தேத்தண்ணி போடுறேன்," என்று சமையலறைக்கு வந்துவிட்டேன். அடுப்படியில் நின்றபடிதான் இதை எழுதுகிறேன்.

5

ஒரு முடிவு: அப்பாவுக்குப் பக்கவாதம். கோடு போட்டு அடித்துவிட்டேன்.

இன்னொன்று: நவமணி விலகிப்போய்க் கோயிலில் பூக்கட்டுகிறார். பத்திரிகை இதை உடனே போடும். (அவர் போக மாட்டார். பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொள்வார்.)

கூடத்தில் அப்பாவின் குரல்: "என்னம்மா, தண்ணி இன்னுமா கொதிக்கல?"

"சும்மா இருங்க. பொண்ணு யோசிக்கட்டும்."

என் அடுப்படியில் எனக்கு நேரம் கொடுக்க இவர் யார்?

கோப்பைகளை எடுத்துக்கொண்டு போகிறேன். அங்கே என்ன சொல்கிறேன் என்று எழுதப் போவதில்லை. 'சரி' என்று நீங்கள் முடித்தால் முடித்துக்கொள்ளுங்கள், என்னை ரொம்ப நல்லவளாக்கிவிடாதீர்கள். 'வேண்டாம்' என்று முடித்தால், அடுத்த ஞாயிறு அப்பா முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு, எங்கும் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதையும் நீங்களே எழுத வேண்டும். நான் எழுதிப் பார்த்தேன். ஒரு வரிக்கு மேல் கை போகவில்லை.