முத்திரை சார் வரிசைக்கு வந்தார்

செருப்பு ஆலையின் அலுவலகச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு ஜன்னல் உண்டு. வேலையை விட்டுப் போனவர்கள் எந்தக் காகிதம் வேண்டுமென்றாலும் வெளியே நின்று அதில்தான் கேட்க வேண்டும். எவ்வளவு நெட்டையான ஆளாக இருந்தாலும் குனிந்துதான் ஆக வேண்டும். கொத்தனாரிடம் அந்த உயரத்தைக் காட்டியவர் முத்திரை சார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை நீட்ட அவருக்கு அதுதான் வசதி.

அவர் அங்கே மேலாளராக இருந்தார். ஆலையின் ரப்பர் முத்திரையை யாரையும் நம்பிக் கொடுக்காமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்ததால் அந்தப் பட்டப்பெயர். அனுபவச் சான்றிதழைத் தொலைத்துவிட்டு மறுபடி கேட்பவர்கள், அது தொலைந்தது உண்மைதான் என்று காவல் நிலையத்தில் சீட்டு வாங்கிவர வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

"ஒரு பேப்பரப் பத்திரமா வெச்சுக்கத் தெரியல. நீங்கல்லாம் என்னத்த வேலை பாத்துக் கிழிச்சீங்க?" என்று வேறு கேட்பார்.

அப்படிப்பட்டவர்தான் ஒருநாள் தன் சான்றிதழைத் தொலைத்துவிட்டு நின்றார். சிரிக்காதீர்கள், பாவம். ஆட்குறைப்பில் அவருக்கும் வேலை போயிருந்தது. கிடைத்த சான்றிதழைக் கசங்கக் கூடாதென்று மெத்தைக்கு அடியில், உறைக்குள் செருகி வைத்தார். மகள் வீட்டோடு போய் இருப்பதென்று முடிவானபோது, பழைய சாமான்காரரைக் கூப்பிட்டு மெத்தையைத் தூக்கிக் கொடுத்தவரும் அவரே.

"குடுக்காதீங்க, குடுக்காதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?" என்றார் மனைவி. "இப்ப எவன் அதுமேல படுத்துத் தூங்குறானோ!"

மருமகன் நல்லவன்தான். ஆனால் அவன் வீட்டுச் சோறு முத்திரை சாருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை இருப்பதாக அந்த மருமகனே சொல்லி வைத்திருந்தான். அனுபவச் சான்றிதழோடு இன்று மாலைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று கிடங்குக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

காவல் நிலையத்துக்குப் போக அவருக்குக் கூச்சம். நேரே ஆலைக்கு வந்தார். ஜன்னல் வரிசையில் தெரிந்த முகங்களாக நின்றிருந்தன.

"அடடே, யாரு! முத்திரை சாரா?" என்றார் பழைய தையல் மிஷின்காரர். "என்ன சார், பத்திரமா வெச்சுக்கக் கூடாதா?"

வரிசை சிரித்தது. சாரும் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

"சும்மா இருங்கப்பா. வயசானவரு, வெயில்ல நிக்கிறாரு," என்று அதட்டினாள் முன்னால் நின்ற பசையக்கா. அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் தலை நரைக்கும் வரை வேலை பார்த்தவள். அதனால் அந்தப் பெயர்.

அதற்குள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டாள், முன்பு அவரிடம் தட்டச்சு செய்த பெண். இப்போது அவருடைய நாற்காலி அவளுக்கு.

"ஐயோ சார், நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க? உள்ள வாங்க."

வரிசையைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தாள். கேட்டதும் தட்டச்சு செய்து, முத்திரையும் குத்தினாள்.

"போலீஸ் சீட்டு..." என்று இழுத்தார்.

"உங்ககிட்டப் போய்க் கேப்பேனா சார்? விடுங்க."

அப்போது ஜன்னலில் பசையக்காவின் நெற்றியும் கண்களும் தெரிந்தன. குனிந்து, மூச்சு வாங்கியபடி, "அம்மா, ஸ்டேஷன்ல அந்த அதிகாரி இன்னிக்கும் இல்லையாம்மா..." என்றாள்.

"சீட்டு இல்லாம வராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? ஒரு பேப்பரப் பத்திரமா வெச்சுக்கத் தெரியல!"

எழுத்துப் பிசகாமல் அவருடைய பேச்சு. அதே இழுவை, அதே எரிச்சல். முத்திரை சாருக்குக் காது மடல் சுட்டது. சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பசையக்கா பின்னாலேயே வந்தாள். "கெடச்சிருச்சா சார்? நல்லது. ஆமா, உங்களுக்கு எந்த ஸ்டேஷன்ல சீட்டு குடுத்தாங்க? எனக்கு இந்த ஸ்டேஷன்ல நடந்து நடந்து செருப்பே தேஞ்சு போச்சு. செருப்பு ஒட்டுனவளுக்கு வந்த கதியப் பாருங்க."

"பாலத்துக்கு அந்தாண்ட இருக்கிற ஸ்டேஷன்," என்றார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் முகம் மலர்ந்தது பாருங்கள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பேருந்து நிறுத்தம் வரை கூடவே பேசிக்கொண்டு வந்தாள். புது ஆலையில் சேரப் போகிறாளாம். சான்றிதழ் இருந்தால் ஒட்டுகிற வேலை. இல்லாவிட்டால் பெருக்குகிற வேலை. "இந்த வயசுல என் கைக்குத் தெரிஞ்சதை விட்டுட்டு வெளக்கமாத்தப் புடிக்கணுமா சார்?" என்றவள், தன் குடையை அவர் தலைக்கு மேலாகவும் சாய்த்துப் பிடித்தாள்.

பேருந்து வந்தது. அவள் படியில் கால் வைத்துவிட்டாள்.

"எறங்கும்மா," என்றார்.

"என்ன சார்?"

"அந்த ஸ்டேஷன்ல நான் வாங்கல."

"அப்ப வேற எங்க வாங்குனீங்க? அங்கயே போறேன்."

பேருந்து அவளை விட்டுவிட்டுப் போனது. அவர் தரையைப் பார்த்தபடி, "எங்கயும் வாங்கல. என்கிட்ட கேக்கல," என்றார்.

பசையக்கா குடையை மடக்கினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டியிருந்தால் தேவலை. "அப்ப நான் பழைய ஸ்டேஷனுக்கே போறேன் சார்," என்று நடந்தாள்.

கிடங்குக்குப் போகும் பேருந்து எதிர்ப்பக்கம் வந்து நின்றது. அதைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் நடந்தார்.

காவல் நிலையத்தில் அதிகாரி வெளியே போயிருப்பதாக வாசலில் நின்ற காவலர் சொன்னார். "எப்ப வருவாரோ தெரியாது. நீங்க எதுக்குப் பெரியவரே?"

"நானும் சர்டிபிகேட்டத் தொலைச்சுட்டேன். சீட்டு வேணும்."

பசையக்கா திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு என்னத்துக்கு சார்? அதான் பையில இருக்கே. இங்க உக்காந்தா இருட்டிரும், வேலை போயிரும். போங்க."

"அந்தப் பொண்ணு சீட்டு இல்லாம குடுத்துருக்கா. நாளைக்கு அவள யாரும் கேக்கக் கூடாதில்ல," என்றார். அது உண்மைதான். முழு உண்மை அதுவல்ல என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "அந்த அதிகாரி வரட்டும். சட்டம் போட்டவனே நான்தான்னு சொல்லி, ரெண்டு பேருக்கும் கேட்டுப் பாக்குறேன்."

சுவரோரம் ஒரு பெஞ்சு கிடந்தது. அவர் அதில் உட்காரப் போனார்.

"அங்க வேணாம் சார்," என்று பசையக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "நடுவுல ஆணி துருத்திக்கிட்டு நிக்கும். தெரியாம உக்காந்தா துணி கிழிஞ்சிரும். இப்படி ஓரமா வாங்க."

அவர் ஓரமாக உட்கார்ந்தார்.