இன்னும் பச்சைதான்

ஜன்னல் துணியில் மூன்றாவது ஓட்டையை மகள் கண்டுபிடித்தபோது, கட்டிலில் கிடந்த அப்பா, "இடது பக்கம், மேல இன்னொண்ணு இருக்கு பாரு," என்றார். சாகக் கிடந்தாலும் மனிதருக்குக் கண் மட்டும் அப்படி. அவள் எக்கி நின்று, அந்த ஊசிமுனை வெளிச்சத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போட்டு, கறுப்பு டேப்பை ஒட்டினாள். அறை மறுபடியும் கும்மிருட்டானது. வெளியே காலை பத்து மணி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

கட்டிலுக்குப் பின்னால்தான் செடி அறை. ஜன்னலே இல்லாத அந்தச் சின்ன அறையில் எண்பது தொட்டிச் சாமந்தி. ராத்திரி எட்டிலிருந்து காலை ஏழு வரை விளக்கு; மீதிப் பதின்மூன்று மணி நேரம் இருட்டு. பகலில் விளக்கு எரிந்தால் சூடு செடியைப் பொசுக்கிவிடும் என்று அவர் பகலை இரவாக்கி முப்பது வருஷம் ஆகிறது. இருட்டு நேரத்தில் வெளிச்சம் பட்டால் செடி மொட்டு வைக்காமல் வெறும் இலையாக வளர்ந்து தொலைக்கும். உள்ளே போகிறவர் பின்னாலேயே வெளிச்சமும் நுழைந்துவிடும் என்று முன்னறையையும் இருட்டடித்து, காவலுக்குத் தன் கட்டிலையும் அங்கே போட்டுக்கொண்டார். தெருவில் அவருக்கு வௌவால் என்று பேர். தெரிந்தும் அவர் கவலைப்பட்டதில்லை.

செடி அறைக் கதவின் உட்புறத் திரையைத் தைத்தது மகள். அவள் தொழிலே தையல்தான். இரட்டைத் துணி, மடித்து அடித்த ஓரம். அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க அவராலேயே முடிந்ததில்லை. அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

காலையில் வந்த டாக்டர் கையில் பச்சைக் காகிதம் சுற்றிய டார்ச்சைக் கொடுத்தார்கள். பச்சை வெளிச்சம் செடியை ஒன்றும் செய்யாதாம். "நான் வைத்தியம் பார்க்க வந்தேனா, திருட வந்தேனாம்மா?" என்று முணுமுணுத்தபடி நாடி பார்த்துவிட்டு, வாசலில் அம்மாவிடம், "இன்னைக்குத் தாண்டறது கஷ்டம். அந்த ஜன்னலையாவது திறந்துவிடுங்க," என்றார்.

அம்மா வந்து சொன்னாள்.

"வேணாம்," என்றார் அப்பா. "நிறம் காட்டட்டும். அப்புறம் திறங்க."

மொட்டில் பூவின் நிறம் எட்டிப்பார்த்துவிட்டால் அதற்குமேல் இருட்டு தேவையில்லை. எல்லாத் துணியையும் கழற்றிவிடலாம். அது அவர் போட்ட சட்டம். எழுந்து போய்ப் பார்க்கிற தெம்பு அவருக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. அந்த மூன்று வாரமாக அவர் பகலைப் பார்க்கவில்லை. முழங்கால் வலியோடு அம்மாவால் அந்தத் தொட்டி நெருக்கத்துக்குள் நுழைய முடியாது. காலை ஆறரைக்கு, விளக்கு அணைவதற்கு முன், தண்ணீர் ஊற்றப் போகிறவள் மகள் ஒருத்திதான்.

"நிறம் காட்டிடுச்சா?" என்று தினமும் கேட்பார்.

"இன்னும் பச்சைதான்ப்பா," என்பாள்.

மஞ்சள் எட்டிப்பார்த்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

பதினாலு வயதில், பரீட்சைக்குப் படிக்க வேறு ஒதுக்கிடம் இல்லாமல், ஒரு வாரம் டார்ச்சோடு அந்த அறையில் போய் உட்கார்ந்தாள். அந்த முறை ஒரு செடியும் மொட்டு வைக்கவில்லை. பரீட்சையன்று காலை ஏழு மணிக்கு அப்பா அவளை உள்ளே தள்ளி வெளித்தாழ்ப்பாள் போட்டார். ஸ்விட்சும் வெளியேதான். கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியது. வெளியே நின்ற அம்மா, "அப்பா வரட்டும்டி," என்றாள். அதையே நாள் முழுக்கச் சொன்னாள். ராத்திரி எட்டு மணிக்குக் கதவு திறந்தபோது அவள் பாவாடை நனைந்திருந்தது. படிப்பு அதோடு நின்றது.

மூன்று மணிக்கு அப்பாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது.

"சாமந்தி வாசனை வருதேடி."

"மருந்து வாசனைப்பா."

"வெளியில வெயிலா?"

"நல்ல வெயில்."

"ஒரே ஒரு தடவை தெருவைப் பார்த்துட்டுப் போயிடணும்."

யாரிடமும் எதையும் கேட்டறியாத மனிதர். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. எழுந்து போய் ஜன்னல் துணியின் ஓரத்தைப் பிடித்தாள். ஆணியிலிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். நிறம் வந்துடுச்சுப்பா என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அன்னைக்கு உன்னை உள்ள வெச்சுப் பூட்டினேன் பாரு," என்றார் அவர். இருமலோடு சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "அதுக்கப்புறம்தான் இந்த வீட்டுக்கு ஒரு ஒழுங்கு வந்துச்சு."

அவள் துணியை விட்டுவிட்டாள்.

"நிறம்?"

"பச்சைதான்ப்பா."

"அப்ப விடு. செடி கெட்டுடும்."

மூன்றே முக்காலுக்கு மூச்சுச் சத்தம் நின்றது. கண் மூடியிருக்கிறதா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்து, திறந்திருந்த கண்களை மகள் மூடினாள்.

அம்மா ஓவென்று அழுதபடி ஜன்னல் துணியைப் பிய்த்தெறிந்தாள். வெயில் நேராகக் கட்டில்மேல் விழுந்தது. அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும், அவர் கட்டிக்காத்த செடியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து திரையை விலக்கினாள். எண்பது தொட்டியிலும் மஞ்சள் மஞ்சளாகப் பூ விரிந்து கிடந்தது.

"இது எப்போ பூத்தது?"

"இன்னைக்குத்தான்மா."

முப்பது வருஷம் அந்த மனிதரோடு குடித்தனம் பண்ணியவளுக்கு, நிறம் காட்டிய மொட்டு இவ்வளவு விரிய எத்தனை நாள் ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆளுங்க வர நேரம். அவருக்குப் பூ வேணும். உள்ள போய் நல்லதாப் பார்த்து வெட்டு."

"லைட்டைப் போடும்மா."

"நீ போ. போடறேன்."

மகள் கத்தரிக்கோலோடு கடைசி வரிசை வரை போனாள். பின்னால் திரை விழுந்தது. கதவைத் தோளால் அழுத்திச் சாத்தும் சத்தம் கேட்டது, பிறகு தாழ்ப்பாள்.

"அம்மா?"

"ஆளுங்க வந்து போகட்டும்டி," என்றாள் அம்மா வெளியிலிருந்து, சாதாரணக் குரலில்.

கொஞ்ச நேரத்தில் முன்னறையில் ஆட்கள் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் வந்தது. மகள் கதவைத் தட்டவில்லை. தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். கண் பழகப் பத்து நிமிடம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அதன்பிறகு திரை இருந்த பக்கம் திரும்பி, ஊசிமுனை வெளிச்சமாவது தெரிகிறதா என்று மேலிருந்து கீழ்வரை தேடினாள். நன்றாகத்தான் தைத்திருந்தாள்.